கடலிலிருந்து ஏறிய மறுநாள்

கடந்த இரண்டாம் தவணை விடுமுறையில் ஒரு நாள், அஸருக்குச் சற்று முன்னர் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் காக்கா. அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இறங்கினார்கள். குசினியிலிருந்து எட்டிப் பார்த்த உம்மா, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில கறி என்னடி கிடக்கு?" என்பதுதான்.

காக்கா கல்குடாப் பக்கத்தில் சுழியோடிகளைக் கடலுக்கு ஏற்றிச் செல்லும் படகொன்றில் வேலை செய்கிறார். அந்தத் தம்பதி நெதர்லாந்துக்காரர். அன்று காலை இரண்டு தடவை கடலடிக்கு இறங்கி ஏறிவிட்டு, அன்றிரவே எல்லவுக்குப் போய்விடத் திட்டமிட்டிருந்தார்கள். லீவில் வீடு வரவிருந்த காக்காவும் அதே வேனில் தொற்றிக்கொண்டார். வழியில் பேச்சுவாக்கில் அவர்கள் போகுமிடத்தைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இண்டைக்கு மலைக்கு ஏறக்கூடாது" என்று தடுத்துவிட்டார். சுழியோடிய பிறகு விமானத்தில் ஏறக்கூடாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மலையும் அப்படித்தான் என்பதை மறந்துபோயிருந்தார்கள். அன்றிரவு கல்முனையில் அறை எடுத்துத் தங்குவது என்றும், மறுநாள் எங்கள் ஊரில் இருப்பது என்றும் முடிவாயிற்று.

அந்த மறுநாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தற்செயலாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அப்படியொரு நாளை, எங்கள் கரையோர ஊர்களின் பெண்கள் தாங்களே திட்டமிட்டு நடத்த வேண்டும் என்பது என் கருத்து. இதை மாணவிகளுக்காக மட்டும் நான் எழுதவில்லை. பெற்றோரும் இந்த மலரை வாசிப்பார்கள். அவர்களில் என் உம்மாவும் ஒருவர்.

முதலில் அந்த ஒரு நாள் ஏன் வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். திரவத்தினுள் ஆழம் கூடக் கூட அமுக்கமும் கூடும் என்று பௌதிகவியலில் படிக்கிறோம். கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 25 மீற்றர் ஆழத்தில் நிற்பவரின் மேல் தரையில் இருப்பதைப்போல் மூன்றரை மடங்கு அமுக்கம் இருக்கும். அந்த அமுக்கத்திலேயே அவர் உருளையிலுள்ள காற்றைச் சுவாசிக்கிறார். அப்போது காற்றிலுள்ள நைதரசன் வழமையைவிடக் கூடுதலாக இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடுகிறது. மேலே வந்த பின்னரும் அது உடனே வெளியேறிவிடாது, பல மணித்தியாலங்கள் எடுக்கும். அதற்குள் அவர் அமுக்கம் குறைந்த இடத்துக்குப் போனால், மூடி திறந்த சோடாப் போத்தலில் குமிழ் எழுவதுபோல் உடலுக்குள்ளேயே குமிழ்கள் எழும். மூட்டு வலியில் தொடங்கி உடல் முடங்கிப்போவது வரை அதனால் ஆபத்து வரலாம்.

ஒரே ஒரு தடவை இறங்கியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், அடுத்தடுத்துப் பல தடவை இறங்கியவர் 18 மணித்தியாலமும் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுறுத்தல். எச்சரிக்கையுள்ளவர்கள் 24 மணித்தியாலம் பொறுப்பார்கள். பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றமுக்கம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீற்றர் உயர மலையொன்றில் இருக்கும் அமுக்கத்துக்குச் சமம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுழியோடியவரின் உடலைப் பொறுத்தவரை நுவரெலியாவுக்கு ஏறுவதும் விமானத்தில் ஏறுவதும் ஒன்றுதான். எல்ல அவ்வளவு உயரமில்லை, ஆனாலும் 1,000 மீற்றருக்கு மேல். ஆகவே கிழக்குக் கடலில் சுழியோடி ஏறுபவர் எவ்வளவு பணக்காரராக இருந்தாலும், எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும், ஒரு நாள் கடல் மட்டத்திலேயே இருந்தாக வேண்டும். கடல் மட்டத்தில் இருப்பவை எங்கள் ஊர்கள்: கல்குடா, மட்டக்களப்பு, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை.

அந்தத் தம்பதி இங்கு வருவதற்கு முன் மாலைதீவில் ஒரு வாரம் படகிலேயே தங்கிச் சுழியோடியிருந்தார்கள். உண்பது, உறங்குவது, சுழியோட்டம் எல்லாம் அந்தப் படகில்தான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை இறங்குவார்களாம். சுழியோடும் இடத்துக்குக் கொண்டுபோக இன்னொரு சிறிய படகு கூடவே வரும். அதன் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. 'தோணி' என்றார் அந்தப் பெண். நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம் என்றேன்.

அந்தப் பயணத்தின் நிகழ்ச்சி நிரலைத் தன் தொலைபேசியில் காட்டினார். ஒவ்வொரு நாளும் இத்தனை மணிக்கு எழும்புவது, இத்தனை மணிக்கு இறங்குவது, இத்தனை மணிக்குச் சாப்பாடு என்று எல்லாம் எழுதியிருந்தது. கடைசி நாளில் மட்டும் சுழியோட்டம் இல்லை. மறுநாள் விமானம் ஏற வேண்டுமே! அதற்குப் பதிலாக மக்கள் வாழும் ஒரு தீவுக்குப் போவது, கைவினைப் பொருட்கள் பார்ப்பது, மாலே நகரைச் சுற்றுவது என்று போட்டிருந்தார்கள். அதாவது, அங்கே காத்திருக்கும் நாளையும் பயணத்தின் ஒரு பகுதியாகவே திட்டமிட்டிருக்கிறார்கள். அவர் எங்கள் கரைக்கு வந்தபோது அந்த நாளுக்கு எழுதப்பட்டிருந்தது ஒரேயொரு வரி: எல்லவுக்குப் பயணம். எங்கள் ஊர்களின் பெயர் அதில் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்துவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "பாக்கிறதுக்கு நம்மட ஊரில என்ன இரிக்கி?" என்று வாப்பா காக்காவைக் கடிந்துகொண்டார். மூத்தம்மா மட்டும் ஒன்றுக்கும் அலட்டிக்கொள்ளவில்லை. வழமைபோல் திண்ணையில் அமர்ந்து பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். அரை மணித்தியாலத்தில் அவர் கையிலும் பன் இருந்தது. இழைத்ததை மூத்தம்மா மூன்று தடவை பிரித்துவிட்டு மறுபடி இழைக்கச் சொன்னார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருந்தும் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு மருதமுனைக்கு நடந்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தறி இருக்கிறது. மருதமுனைச் சாறன் என்றால் நாடெங்கும் தெரியும். ஆனால் அந்தத் தறிச் சத்தத்தை நாங்கள் யாரும் நின்று கேட்பதில்லை. அந்தக் கணவர், நூல் எங்கிருந்து வருகிறது, ஒரு சாறன் நெய்ய எவ்வளவு நேரமாகும், சுனாமியில் அள்ளுண்ட தறிகளுக்குப் பதில் எப்படித் தறி பெற்றீர்கள் என்றெல்லாம் கேட்டார். மொழிபெயர்ப்பது என் வேலை. பதில்களில் பாதி எனக்கே புதியவை. ஐந்து நிமிட நடைத்தூரத்தில் இருக்கும் ஒரு தொழிலைப் பற்றி, ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர் கேட்ட பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது.

பகலுணவுக்குப் பிறகு மூத்தம்மா ஒரு கேள்வி கேட்டார். "கடலுக்குக் கீழ என்னத்தப் பாக்கிறதுக்கு இவங்க போறாங்க?" நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா சொன்னார்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அங்கிருந்து தெற்கு நோக்கி விலகிப்போயிருந்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்துத் தாழ்த்தின. விமானந்தாங்கியாக இருந்தும் தன்னைக் காக்க அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் பலரை 'வீட்டா' என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிச் சென்றது. ஹெர்மிஸ் இப்போது 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. விசேட பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அங்கே இறங்கலாம். அதே நாளில் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பலும் தாழ்க்கப்பட்டது. அது கல்குடாப் பக்கத்தில் ஏறத்தாழ 25 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. எங்கள் விருந்தாளிகள் இறங்கியது அதற்குத்தான்.

மூத்தம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அதுவும் ஒரு மையவாடிதானே மகள்" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் தலையசைத்தார். அங்கிருந்து எதையும் தொடமாட்டோம், எடுக்கமாட்டோம் என்றார். பிறகு மூத்தம்மாவிடம், "உங்களுக்கும் கடலில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. என் சாச்சி, உம்மாவின் தங்கை, 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலோடு போனவர். நான் பிறப்பதற்கு முன்பு. அவருடைய மையித்துக் கிடைக்கவில்லை. மூத்தம்மா அந்தக் காலையை முதலிலிருந்து சொன்னார். உம்மா குசினிக்குள் போய்விட்டார். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கதையை நானும் அன்றுதான் முழுதாகக் கேட்டேன்.

அன்று காலை பதினொரு மணியோடு அவர்களுடைய 24 மணித்தியாலம் முடிந்திருந்தது. அவர்கள் புறப்பட்டதோ அஸருக்குப் பிறகுதான்.

இதை வைத்து நான் சொல்ல வருவது இதுதான். எங்கள் ஊர்களில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் நாங்கள்தான். வந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. இது பாசிக்குடாவைப்போல் வெண்மணல் விரித்த விடுதிக் கடற்கரை அல்ல. அப்படி ஆக வேண்டியதும் இல்லை. கடலிலிருந்து களைத்து ஏறியவருக்கு ஓட்டமும் பாரம் தூக்கலும் அன்றைக்கு நல்லதல்ல. நிழல், தண்ணீர், மெதுவான நடை, சூடான சாப்பாடு, பேச்சு, இவைதான் அவருக்கு வேண்டும். இவை எல்லாம் எங்கள் வீடுகளில் இருக்கின்றன.

ஆனால் திட்டமில்லாமல் நடந்தால் இது ஒரு நாள் வேடிக்கையாகவே முடியும். ஆகவே என் மனதிலுள்ள ஒரு நாளைச் சொல்கிறேன். கிழக்கில் கடல் அமைதியாக இருப்பது ஏப்ரல், மே தொடங்கிச் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில்தான் சுழியோடிகள் வருவார்கள். மாரியில் வரமாட்டார்கள். ஆகவே இது ஆண்டு முழுவதற்குமான தொழிலல்ல, சில மாதங்களின் மேலதிக வருமானம். காலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். ஒன்பது மணிக்கு மருதமுனையில் தறி. பிறகு ஏதாவதொரு திண்ணையில் பன்பாய். ளுஹருக்கு எல்லாம் நிற்கும், அவர்கள் ஓய்வெடுப்பார்கள். பகலுணவு ஒரு வீட்டில்: சோறு, மீன்கறி, இறுதியில் எருமைத் தயிரோ வட்டிலப்பமோ. வெயில் தாழ்ந்த பிறகு மேற்கே வாவிக் கரை, அல்லது சிறுபோக அறுவடை நடக்கும் வயல். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடியும் வரை ஒன்றுமில்லை. எங்கள் பெரியநீலாவணையில் தமிழ் மக்களும் முஸ்லிம்களும் அயலவர்கள். இந்தத் திட்டத்திலும் இரு பக்க வீடுகளும் இருக்க வேண்டும்.

இதை நடத்த ஒரு கம்பனி தேவையில்லை. ஊரில் ஏற்கனவே இருக்கும் மாதர் சங்கத்தில் நான்கைந்து பேர் போதும். மொழிபெயர்க்க மாணவிகள் இருக்கிறோம். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும், பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கும் என்று மாதக்கணக்கில் வீட்டில் காத்திருக்கும் ராத்தாமார் எத்தனை பேர்! காத்திருப்பவர்களுக்குத்தான் காத்திருப்பவர்களின் அருமை தெரியும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறியாமலில்லை. அவற்றில் மூன்று எங்கள் வீட்டிலேயே எழுந்தன.

முதலாவது உம்மாவுடையது. போகும்போது அவர்கள் கொடுத்த பணத்தை உம்மா வாங்கவில்லை. "வீட்டுக்கு வந்த ஆக்களுக்கிட்ட சோத்துக்குக் காசு வாங்கிறதா?" என்றார். அந்த மனம் எங்கள் ஊரின் பெருமை. அது அழிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே நாளில் தறி வீட்டில் அவர்கள் இரண்டு சாறன்கள் வாங்கினார்கள். அந்தப் பணத்தை வாங்கிய ராத்தாவின் முகத்தில் வெட்கம் இருக்கவில்லை, மகிழ்ச்சி இருந்தது. உழைப்புக்குக் கூலி வாங்குவதும் விருந்தோம்பலை விற்பதும் ஒன்றல்ல. தேநீர் விருந்தாகவே இருக்கட்டும். முன்கூட்டியே சொல்லிச் சமைப்பிக்கும் பகலுணவுக்கும், பாய்க்கும், துணிக்கும், வழிகாட்டுபவரின் நேரத்துக்கும் விலை இருக்கட்டும். அந்த விலை முன்னரே எழுதி வைக்கப்படட்டும். அப்போது ஆளைப் பார்த்து விலை சொல்லும் அவமானமும் வராது.

இரண்டாவது வாப்பாவுடையது. வெளிநாட்டவர் வரத் தொடங்கினால் மதுவும் அரைகுறை உடையும் கூடவே வரும் என்பது அவர் பயம். இது அர்த்தமற்ற பயமல்ல. எங்கள் மாவட்டத்தின் அறுகம்பைக்கு அலைச்சறுக்குக்காகப் பல தசாப்தங்களாக வெளிநாட்டவர் வருகிறார்கள். பொத்துவில்காரர் பலருக்கு அது சோறு போடுகிறது. உடை, மது பற்றிய மனத்தாங்கலும் அங்கே இருக்கிறது. நான் வாப்பாவுக்குச் சொன்ன பதில் மாலைதீவு. அது முழுக்க முழுக்க முஸ்லிம் நாடு. 1972இல் அங்கே முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. நீண்ட காலம் விடுதிகள் தனித் தீவுகளிலேயே இருந்தன. ஊர் மக்களின் தீவுகளில் வெளிநாட்டவர் தங்க இடமிருக்கவில்லை. 2009க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளிலும் சிறிய விருந்தினர் இல்லங்கள் அனுமதிக்கப்பட்டன. அந்தத் தீவுகளில் மது கிடையாது. நீச்சல் உடைக்கென்று தனியான கரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஊருக்குள் வருபவர் உடலை மூடித்தான் வர வேண்டும். வருபவர்கள் அதற்கு உடன்பட்டே வருகிறார்கள்.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது, விதியை முதலில் எழுதியவர் விதியோடு வாழலாம் என்பது. வந்த பிறகு முறுமுறுப்பதில் பயனில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பெண் வேனிலிருந்து இறங்கும்போதே தோளில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டார். காக்கா வழியிலேயே சொல்லியிருந்தார், அவ்வளவுதான். சொன்னால் கேட்பவர்களுக்கும் நாம் சொல்வதில்லை. உடை இப்படி இருக்கட்டும், மது வேண்டாம், பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் ஆண்கள் போக வேண்டாம் என்று நான்கு வரி எழுதிப் படகுக்காரர்களிடம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை கரையேறாது.

மூன்றாவது, இதெல்லாம் எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லாத வெள்ளைக்காரர் விளையாட்டு என்பது. சுழியோடுவது எங்களுக்கு அந்நியமானதா? மன்னார்க் கடலில் நூற்றாண்டுக் கணக்கில் முத்துக் குளித்தவர்களில் கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம்களும் இருந்தார்கள், அரபிகளும் இருந்தார்கள். அவர்களிடம் காற்று உருளை இருக்கவில்லை. இடுப்பில் கயிறும் காலில் கல்லும் நெஞ்சில் அடக்கிய மூச்சும்தான். கடலை விட்டு நாங்கள் தூரமானது பழங்காலத்தில் அல்ல.

உண்மையில் எப்போது தூரமானோம் என்று எல்லோருக்கும் தெரியும். 2004இல் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதிலும் பெண்களும் பிள்ளைகளும்தான் கூடுதல். மருதமுனையில் '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்று ஒரு குடியிருப்புக்குப் பெயரே இருக்கிறது. கடலிலிருந்து அளந்த தூரம் எங்கள் முகவரியாகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த நாங்கள், அலையின் சத்தத்தில் தூங்கி எழும்பினாலும், கணுக்காலுக்கு மேல் கடல் படாமல் வளர்ந்தோம்.

அன்று புறப்படும் முன் அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "உனக்கு நீந்தத் தெரியுமா?" தெரியாது என்றேன். உம்மாவைக் கேட்டார். தெரியாது. மூத்தம்மாவுக்கும் தெரியாது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழும் மூன்று தலைமுறைப் பெண்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. அவர் தன் நாட்டில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பவராம். அடுத்த முறை வரும்போது, பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில், இடுப்பளவு நீரில் எனக்கு மிதக்கக் கற்றுத்தருவதாகச் சொன்னார். மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு உம்மாவிடம் சொன்னேன். "கடல் எண்டா வேணாம்" என்றார் உம்மா. வேறொன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. சாச்சியின் கதையை அன்றுதான் கேட்டிருந்தேன். எப்படிப் பேசுவது?

ஆனால் அன்றிலிருந்து யோசிக்கிறேன். சாச்சியைக் கொண்டுபோனது கடல். அவருக்கு நீந்தத் தெரிந்திருந்தால் தப்பியிருப்பார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவ்வளவு பெரிய அலை அது, நீந்தத் தெரிந்தவர்களும்தான் போனார்கள். இருந்தாலும், தெரியாமல் இருந்ததால் யாரும் தப்பவில்லை என்பதையாவது சொல்லலாம் அல்லவா? பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும்படி உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக மத்ரஸாவில் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அதில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நான் கேட்டதில்லை. எங்கள் மாவட்டத்திலேயே, அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கென்று ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. நான் அலையில் சறுக்கக் கேட்கவில்லை. மிதக்கக் கேட்கிறேன்.

ஆகவே அந்த ஒரு நாள் நிகழ்ச்சி நிரலில் கடைசியாக ஒரு வரியைச் சேர்க்க விரும்புகிறேன். வருபவர்களுக்கு நாங்கள் பாய் இழைக்கவும் தறி மிதிக்கவும் காட்டிக்கொடுப்போம். அவர்களில் கற்பிக்கத் தெரிந்த பெண்கள் இருந்தால், மறைப்பும் பாதுகாப்பும் உள்ள இடத்தில், உம்மாமார் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்க, எங்களுக்கு மிதக்கக் கற்றுத்தரட்டும். அவர்கள் அன்றைக்குக் கடலடிக்கு இறங்கக் கூடாது. இடுப்பளவு நீரில் நின்று கற்றுக்கொடுப்பதற்குத் தடையில்லை. கொடுத்து வாங்கினால்தான் அது அயல்வீட்டு உறவு. பார்த்துவிட்டுப் போவதற்கு மட்டும் நாங்கள் காட்சிப்பொருள் அல்ல.

இதெல்லாம் உடனே நடந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அடுத்த கச்சான் காலத்தில் அவர்கள் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை காக்கா முன்கூட்டியே சொல்வார். மருதமுனைத் தறி வீட்டு ராத்தாவிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். மூத்தம்மா பன் வாங்கச் சொல்லி இப்போதே கரைச்சல் கொடுக்கிறார். வாப்பா அந்த நான்கு விதிகளை வாசித்துவிட்டு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்: குப்பையைக் கரையில் போடக் கூடாது. எங்கள் கரையின் நிலையைப் பார்த்தால், அந்த விதியை முதலில் நாங்கள்தான் படிக்க வேண்டும்.

உம்மா மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உம்மா, இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது நீங்கள் குசினிக்குள் போய்விடக் கூடாது. நீங்களும் வாருங்கள். கரையில் இருந்து என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எப்போது விட வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.